68 வயசுல விக்ரோலிக்கு வந்த நர்ஸ்

ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் வெளிநாடு போய் நாலு பேருக்கு உதவியா இருக்கணும்னு நினைக்கிறவங்க உங்க வீட்டுலயே இருக்கலாம். அதுக்கு எப்படித் தயாராகணும்? 1966-ல கிளம்பின ஒரு அம்மாவோட கதையை இன்னைக்குப் பார்ப்போம்.

பெயர் லில்லியன் கார்ட்டர். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துல பிளெய்ன்ஸ்ங்கிற சின்ன ஊர். பின்னாளில் ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரின் அம்மா. பிறந்தது 1898, ஆகஸ்ட் 15. ஆமா, அதே ஆகஸ்ட் 15! கணவர் 1953-ல இறந்துட்டார். பிள்ளைகள் வளர்ந்தாச்சு. டிவியில ஒரு விளம்பரம் பார்க்கிறார்: அமைதிப் படையில் சேர வயசு ஒரு தடை இல்லை.

அமைதிப் படைன்னா ராணுவம் இல்லைங்க. 1961-ல கென்னடி தொடங்கிய பீஸ் கோர். தன்னார்வலர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் அமைப்பு. சேர்ந்தவங்கள்ல பெரும்பாலானோர் அப்பதான் காலேஜ் முடிச்ச பசங்க. அவங்களுக்கு நடுவுல 68 வயசுல இவர் விண்ணப்பம் போடுறார். மனநலப் பரிசோதனை நடந்தது. பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்துல மூணு மாசப் பயிற்சி. அந்த வயசுல உட்கார்ந்து மராத்தி படிச்சார்.

வந்து இறங்கினது பம்பாய்க்குப் பக்கத்துல விக்ரோலி, கோத்ரெஜ் தொழிலாளர் குடியிருப்பு. முதல்ல கொடுத்தது குடும்பக் கட்டுப்பாடு பிரச்சார வேலை. அதுல அவருக்கு மனசு ஒட்டவே இல்லை. அங்கிருந்த கிளினிக்குக்கு மாறினதும்தான் அவருக்கு நிம்மதி. ஏன்னா, அவர் படிச்சு முடிச்ச நர்ஸ்.

இங்கதான் விஷயம் இருக்கு. அவரோட அசல் தயாரிப்பு அந்த மூணு மாசம் மட்டும் இல்லை. பிளெய்ன்ஸ்ல கறுப்பின மக்கள் வெள்ளைக்காரங்க வீட்டு முன்வாசல் வழியா நுழையக்கூட முடியாத காலத்துலயே, அந்த மக்களுக்கு வைத்தியம் பார்த்தவர் இவர். ஊர் என்ன பேசும்னு கவலைப்படலை. பல வருஷப் பழக்கம் அது.

ஆனா அதுவும் எல்லாத்துக்கும் போதலை. கிளினிக்குக்குத் தொழுநோயாளிகள் வந்தாங்க. முதல்முறை அவங்களைத் தொடவே தயங்கினார். அந்தத் தருணத்தைப் பற்றி மகன் பின்னாளில் ஒரு கவிதையே எழுதினார். அந்தத் தயக்கத்தைப் போக்க எந்தப் பயிற்சி வகுப்பாலயும் முடிஞ்சிருக்காது. தினமும் வேலை செஞ்சுதான் அது போச்சு.

21 மாசம் இருந்தார். 70-வது பிறந்தநாளும் இங்கதான். 1968-ல உடம்பு மெலிஞ்சு ஊர் திரும்பினார். வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் 1977-ல புத்தகமாச்சு. அதே வருஷம் நம்ம ஜனாதிபதி ஃபக்ருதீன் அலி அகமது இறந்தப்போ, அஞ்சலி செலுத்த அமெரிக்கா அனுப்பினது இவரைத்தான்.

அதனால உங்க அம்மாவோ அப்பாவோ, "நானும் போகலாமா?"ன்னு கேட்டா, முதல்ல விசா பத்திப் பேசாதீங்க. "உங்களுக்கு என்ன கைவேலை தெரியும்? அதை இப்போ நம்ம தெருவுல யாருக்காவது செய்றீங்களா?"ன்னு கேளுங்க. மொழியை மூணு மாசத்துல தொடங்கிடலாம். இதைக் கொஞ்சம் முன்னாடியே தொடங்கணும்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.