ஹாசெல்ட் முதல் பரண் வரை

ஹாலந்துக்காரரான லூ ஓட்டன்ஸ், தம் கோட்டுப் பைக்குள் அடங்கும்படி ஒரு மரத்துண்டை அறுத்து வைத்துக்கொண்டார். தாம் செய்யப்போகும் ஒலிப்பதிவுச் சாதனம் இந்த அளவைத் தாண்டக் கூடாது என்று தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டளை அது. அப்போது அவர் பெல்ஜியத்தில், ஹாசெல்ட் நகரத்து பிலிப்ஸ் தொழிற்சாலையில், புதுப்பொருள் உருவாக்கும் பிரிவின் தலைவர். அதுவரை வீட்டில் ஒலிப்பதிவு என்றால் ஸ்பூல்தான். பெரிய தட்டில் சுற்றிய நாடாவின் முனையைக் கையால் இழுத்து, வளைவுகளில் நுழைத்து, காலித் தட்டில் மாட்ட வேண்டும். பழக்கமில்லாதவர்கள் தொடவே தயங்குவார்கள். ஓட்டன்ஸின் குழு இரண்டு தட்டுகளையும் நாடாவையும் ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்தது. 1963 ஆகஸ்டில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அந்தக் கூடு முதன்முதலாக வெளியுலகைப் பார்த்தது. நாம் கேசட் என்று சொல்வது அதைத்தான்.

பாட்டுக் கேட்பதற்காகப் பிறந்ததல்ல கேசட். பேச்சைப் பதிவதற்கு, அலுவலகக் குறிப்பு சொல்வதற்கு என்றுதான் முதலில் நினைத்தார்கள். 3.81 மில்லிமீட்டர் அகல நாடா, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகம். இந்த ஒடுக்கத்துக்குள்ளும் இந்த மெதுவான ஓட்டத்துக்குள்ளும் வயலின் எங்கே உட்காரும்? உட்கார வைக்கப் பலர் உழைத்தார்கள். அவர்களில் ரே டால்பிக்கு நம் நாட்டோடு ஓர் உறவு உண்டு. 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோவின் தொழில்நுட்ப ஆலோசகராக இந்தியாவில் வேலை பார்த்துவிட்டுத்தான் லண்டனில் ஆய்வகம் தொடங்கினார். கேசட்டின் பின்னால் ஓயாமல் கேட்கும் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலை அவருடைய டால்பி முறை பெரிதும் அடக்கியது. பிலிப்ஸும் ஒரு நல்ல காரியம் செய்தது. அளவையும் அமைப்பையும் மாற்றாமல் செய்வதானால் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிச் செய்யலாம் என்று 1960களின் நடுவில் உரிமத்தைத் திறந்துவிட்டது. ஜப்பானில் செய்த கேசட் பெல்ஜியத்துக் கருவியில் ஓடியது. பிற்பாடு டெல்லியில் செய்ததும் துபாயில் வாங்கிய கருவியில் ஓடியது. ஒருவர் பதிந்ததை இன்னொருவர் எந்த ஊரிலும் கேட்கலாம் என்பது அங்கே தொடங்குகிறது.

அடுத்த நிறுத்தம் டோக்கியோ. 1979 ஜூலையில் சோனி வெளியிட்ட முதல் வாக்மேனில் ஹெட்போன் செருக ஒரு துளைக்குப் பதில் இரண்டு துளைகள் இருந்தன. ஒரே கேசட்டை இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து கேட்கலாம். கேட்டுக்கொண்டே ஒருவரோடொருவர் பேச ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் வைத்திருந்தார்கள். தனியாகக் கேட்கத்தான் வாக்மேன் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதைச் செய்தவர்களுக்கோ, பாட்டுக் கேட்கிறவனுக்குப் பக்கத்தில் இன்னொருவர் இருப்பார் என்ற நினைப்பு இருந்திருக்கிறது. எனக்கு அந்த இரண்டாவது துளையின் மேல் தனி மரியாதை.

தமிழ்நாட்டுக்குக் கேசட் பெரும்பாலும் விமானத்தில்தான் வந்தது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் விடுமுறையில் திரும்பும்போது தோளில் தூக்கி வந்த, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன், அதன் வாயில் ஒரு கேசட். அதற்கு முன் இசைத்தட்டு வாங்கிக் கேட்டவர்கள் வசதியானவர்கள். மற்றவர்களுக்கு ரேடியோவும் கல்யாண வீட்டு மைக்செட்டும். ரேடியோவில் நமக்குப் பிடித்த பாட்டு எப்போது வரும் என்று நம் கையில் இல்லை. மைக்செட்காரர் வைத்ததுதான் பாட்டு. கேசட் வந்தபின் எந்தப் பாட்டுக்கு அடுத்து எந்தப் பாட்டு என்பதை முதன்முறையாகக் கேட்பவரே முடிவு செய்தார்.

அதற்குத் துணை நின்றது, கேட்ட பாட்டுகளைக் காலிக் கேசட்டில் பதிந்து தரும் ரெக்கார்டிங் சென்டர். 80களில் பஸ் நிலையத்தை ஒட்டியோ கடைத்தெரு முனையிலோ ஒன்றாவது இல்லாத ஊர் அரிது. உள்ளே கூரை வரை இசைத்தட்டுகள். கண்ணாடிக்குப் பின்னால் டெக்குகள், ஏறி இறங்கும் பச்சை சிவப்பு விளக்குகள். நீங்கள் கோடு போட்ட நோட்டுத் தாளில் பாட்டு வரிசையை எழுதிக்கொண்டு போவீர்கள். காலிக் கேசட் சோனியா, டிடிகேவா, மேக்செல்லா? அறுபது நிமிடமா, தொண்ணூறா? கடைக்காரர் தாளைப் பார்ப்பார். “இந்தப் பாட்டு அந்தத் தட்டுல கீறல் விழுந்து கெடக்கு தம்பி. அதே படத்துல இன்னொன்னு இருக்கு, போடறேன், கேட்டுப் பாருங்க.” அப்படித் தெரிந்துகொண்ட பாட்டுகள்தான் பலருக்கு ஆயுளுக்கும் கூட வந்தன. கடைகளில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர்களை நம் ஊர்களின் இசை ஆசிரியர்கள் என்றே நான் சொல்வேன். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ 1986இல் வந்தபோது, பாட்டு வரியே இல்லாத அந்த இசையைச் சினிமாப் பாட்டு கேட்க வந்த பையன்களின் காதுக்குக் கொண்டுபோனவர்களில் அவர்களும் உண்டு.

வரிசை எழுதுவதில் கணக்கு உண்டு. அறுபது நிமிடக் கேசட்டில் ஏறத்தாழ 90 மீட்டர் நாடா, பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஒரு பாட்டு நாலரை நிமிடம் என்றால் பக்கத்துக்கு ஆறு பாட்டு தாராளமாக அடங்கும். ஏழாவதை நுழைத்தால் சரணத்தில் நாடா தீர்ந்து பாட்டு அறுந்துவிடும். மிச்சத்தைச் சும்மா விடவும் மனம் வராது. ஒரு சின்ன வாத்திய இசையையோ படத்தின் தலைப்பு இசையையோ போட்டு நிரப்புவார்கள். தொண்ணூறில் அதிகம் பிடிக்கும், ஆனால் நாடா மெலிது. மலிவான பிளேயரில் உருளையில் சுற்றிக்கொண்டு வெளியே வரும். அப்புறம் ஆறுபட்டைப் பென்சிலைப் பல்சக்கரத்தில் நுழைத்துப் பொறுமையாகச் சுற்ற வேண்டியதுதான். விஷயம் தெரிந்தவர்கள் அறுபதையே கேட்டு வாங்கினார்கள்.

டபுள் டெக் வந்ததும் இந்த வேலை வீட்டுக்குள் நுழைந்தது. ஒரு வாயில் ஊரார் கேசட், மறு வாயில் காலிக் கேசட். இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. அறுபது நிமிடக் கேசட்டை ஒழுங்காகப் பதிய அறுபது நிமிடம் ஆகும். வேகமாகப் பதியும் வசதி சில டெக்குகளில் இருந்தாலும் ஒலி கெடும் என்று அக்கறையுள்ளவர்கள் அதைத் தொடுவதில்லை. பதிகிறவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் நிறுத்துவார், அடுத்ததைத் தேடி வைப்பார், இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்துவார். கொடுக்கிறவர் முழுக்கக் கேட்காத ஒரு பாட்டுகூட வாங்குகிறவர் கைக்குப் போகாது. ‘சமீபத்தில் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நீயும் கேள்’ என்று சொல்ல, தன் நாளில் ஒரு மணி நேரத்தை அறுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இசைப் பகிர்வில் அதைவிட நேர்மையான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

உறையின் உள்ளட்டையில் நீலப் பேனாவில் பாட்டின் பெயர், படம், பாடியவர். கேசட்டின் முதுகில் இரண்டு சின்னச் சில்லுகள் இருக்கும். அவற்றை ஒடித்துவிட்டால் மேலே வேறு பாட்டைப் பதிய முடியாது. ஒடித்துக் கொடுத்தவர் ‘இது உன்னிடமே இருக்கட்டும்’ என்று சொல்கிறார். வாங்கியவர் அந்தப் பள்ளத்தில் செலோடேப் ஒட்டி வேறு எதையாவது பதிந்தார் என்றால் அதற்கும் ஓர் அர்த்தம் இருந்தது. நட்புகளும் காதல்களும் அந்த ஒரு சென்டிமீட்டர் செலோடேப்பில் முறிந்திருக்கின்றன.

சினிமாப் பாட்டு மட்டும் கைமாறவில்லை. கர்நாடக இசை ரசிகர்களிடம் இந்தப் பழக்கம் இன்னும் பழையது, இன்னும் தீவிரமானது. மதுரை மணி ஐயர் 1968இல் காலமானார். ஜி.என். பாலசுப்பிரமணியம் 1965இலேயே போய்விட்டார். அவர்களுடைய முழுநீளக் கச்சேரிகளை இன்று நாம் கேட்க முடிகிறது என்றால், சபாவிலும் கல்யாண வீட்டிலும் யாரோ ஒரு ரசிகர் ஸ்பூல் கருவியைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்ததால்தான். அந்த ஸ்பூல்கள் பின்னாளில் கேசட்டுக்கு மாறின. மயிலாப்பூரிலிருந்து மும்பைக்கும், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போயின. காப்பிக்குக் காப்பி எடுக்கும்போது இரைச்சல் ஒரு படி ஏறும். ஆனாலும் அந்த இரைச்சலுக்கு அடியில் மணி ஐயரின் கல்பனா ஸ்வரம் துள்ளிக்கொண்டு வருவதைக் கேட்டவர்கள் குறை சொல்ல மாட்டார்கள். இசைத்தட்டுக் கம்பெனிகள் சில நிமிடத் தட்டுகளில் அடைத்த வித்வான்களை அவர்களுடைய முழு விரிவில் காப்பாற்றியவர்கள் இந்த ரசிகர்கள்.

கிராமத்தில் கேசட்டின் வாழ்க்கை வேறு. நாகூர் ஹனிபாவின் பாடல்கள், எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள் மட்டுமல்ல, நெல்லைப் பக்கத்து வில்லுப்பாட்டு, ஒப்பாரி, நாட்டுப்புறப் பாட்டு என்று இசைத்தட்டுக் கம்பெனிகள் அவ்வளவாக எட்டிப் பார்க்காத எத்தனையோ குரல்கள் கேசட்டில் வந்தன. ‘விதி’ படத்தின் வசனக் கேசட்டை ஊர் ஊராக மைக்செட்டில் போட்டார்கள். படத்தைப் பார்க்காமலேயே நீதிமன்றக் காட்சியை மனப்பாடமாகச் சொன்னவர்களும் உண்டு. அதே காலத்தில் வளைகுடாவுக்கும் ஊருக்கும் இடையே பேச்சுக் கடிதங்கள் போய்வந்தன. எழுதப் படிக்கத் தெரியாத அம்மா டேப் முன்னால் உட்கார்ந்து பேசுவார், குழந்தை மழலையில் ஒரு பாட்டுப் பாடும், வளைகுடாவுக்குப் போகிற யாரிடமாவது கேசட்டைக் கொடுத்துவிடுவார்கள். அங்கே மகன் கேட்டுவிட்டு, பதிலையும் புதிதாகப் பிடித்த பாட்டுகளையும் பதிந்து அனுப்புவான்.

சட்டத்தின் கண்ணில் இதில் பெரும்பகுதி தவறுதான். ‘வீட்டுப் பதிவு இசையைக் கொல்கிறது’ என்று பிரிட்டன் இசைக் கம்பெனிகள் 1981இல் ஒரு பிரசாரமே நடத்தின. இங்கும் 1984இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித் திருட்டுப் பதிவுக்குத் தண்டனையைக் கூட்டினார்கள். லட்சக்கணக்கில் கள்ளக் கேசட் அடித்து விற்றவர்கள் கலைஞர்களின் வயிற்றில் அடித்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ரெக்கார்டிங் சென்டரில் பதிந்த பாட்டுக்கும் இசையமைப்பாளருக்குக் காசு போகவில்லை, அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் நண்பனுக்குப் பதிந்து கொடுத்த கேசட்டை அந்தக் கணக்கில் சேர்க்க என் மனம் ஒப்பாது. அதைக் கேட்ட நண்பன் அடுத்த படத்தின் கேசட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கினான். 1992இல் ‘ரோஜா’ வந்தபோது கடைகளில் கூடியவர்கள் அப்படிக் காது பழகியவர்கள்தான்.

பிறகு நடந்ததை எல்லோரும் அறிவோம். சிடி வந்தது; அதை உருவாக்கிய பிலிப்ஸ் வேலையிலும் ஓட்டன்ஸ் இருந்தார். தாம் செய்த கேசட்டின் மீது அவருக்குப் பெரிய ஏக்கம் எதுவும் இருந்ததில்லை, நல்ல ஒலி வந்தபின் பழையது எதற்கு என்ற மனிதர் அவர். 2021 மார்ச்சில் 94ஆம் வயதில் காலமானார். நூறு பாட்டு அடங்கிய எம்பி3 தட்டுகள் பிளாட்பாரத்துக்கு வந்தன. ரெக்கார்டிங் சென்டர்கள் செல்போன் கடைகளாயின. ‘மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்ற பலகை சில வருடம் தொங்கியது. இன்று ஒரு விரல் தட்டலில் சுட்டி போய்ச் சேர்கிறது. அனுப்பியவர் முழுக்கக் கேட்டாரா என்று நமக்குத் தெரியாது, நாம் கேட்டோமா என்று அவருக்கும் தெரியாது.

கேசட்டுகள் இப்போது பரணில் இருக்கின்றன. கம்பெனி வெளியிட்டவை தொலைந்தால் பெரிய இழப்பில்லை, அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை வேறெங்கோ பத்திரமாக உள்ளன. கையால் பதிந்தவை அப்படியல்ல. பாட்டி பாடிய தாலாட்டு, தாத்தா பேசிய பேச்சுக் கடிதம், உள்ளூர் நாதஸ்வரக்காரர் ஒரு கல்யாணத்தில் வாசித்த தோடி, இவற்றுக்கு உலகத்தில் ஒரே பிரதிதான். நாடாவின் மேல் பூசிய இரும்பு ஆக்சைடைப் பிடித்திருக்கும் பசை வருடம் ஏற ஏறத் தளர்கிறது. நம் ஊர் ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும்.

ஆகவே இந்த வாரமே பரணில் ஏறுங்கள். கையெழுத்துள்ள உறைகளை முதலில் எடுங்கள். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட விடாமல், அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். நல்ல நிலையில் இருப்பதை ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றிவிட்டு, ஹெட்டைச் சுத்தம் செய்த டெக்கில் போட்டு, கணினியில் ஒயர் செருகிப் பதியுங்கள். யார் பாடியது, எந்த ஊர், எந்த வருடம் என்று தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். அந்தக் கேசட்டை உங்களுக்குப் பதிந்து கொடுத்தவர் உயிரோடு இருந்தால், முதல் பிரதியை அவருக்கு அனுப்புங்கள்.