காற்றும் கூட்டாட்சியும்: ஜெர்மனி, தமிழ்நாடு ஆற்றல் மாற்றங்கள் குறித்த ஓர் ஒப்பீடு

ஜெர்மனியின் ஆற்றல் மாற்ற வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நடுவண் அரசின் சட்டங்களிலிருந்தே தொடங்குவர். 1991 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த மின் ஊட்டல் சட்டமும், 2000ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டமும் அவ்வரலாற்றின் திருப்புமுனைகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அச்சட்டங்களுக்குச் சில வேளை முன்னோடியாகவும் சில வேளை தடையாகவும் நின்றவை நகரங்களும் மாநிலங்களுமே. இவ்வுறவைத் தமிழ்நாட்டின் பட்டறிவோடு ஒப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

இரு நாட்டு அரசமைப்புகளும் இத்துறையில் வியக்கத்தக்க ஒப்புமை உடையன. இந்தியாவில் மின்சாரம் பொதுப்பட்டியலிலும் நிலம் மாநிலப் பட்டியலிலும் அமைந்துள்ளன. ஜெர்மன் அடிப்படைச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் ஆற்றல் துறையை இரு அரசுகளுக்கும் பொதுவான சட்டமியற்றும் அதிகாரத்தில் வைக்கிறது. காற்றாலைக்கு இடம் ஒதுக்குவதோ பெரிதும் மாநிலங்களின், உள்ளாட்சிகளின் கையில் உள்ளது.

1991ஆம் ஆண்டுச் சட்டம் காற்று மின்சாரத்திற்கும் சூரிய மின்சாரத்திற்கும், நுகர்வோரிடமிருந்து பெறப்படும் சராசரி வருவாயில் 90 விழுக்காட்டை விலையாக உறுதிசெய்தது. அவ்விலை காற்றுக்குப் போதுமானதாயிற்று. சூரிய ஒளிக்குப் போதவில்லை. அக்குறையை நிரப்ப முற்பட்ட நகரங்களுள் ஆகென் குறிப்பிடத்தக்கது. அங்கு 1995இல் நடைமுறைக்கு வந்த திட்டம், உற்பத்திச் செலவை ஈடுசெய்யும் வகையில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 2 மார்க் வழங்க உறுதியளித்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வழியையே, 99 பெனிக் என்ற குறைந்த விலையில், நாடு முழுமைக்கும் 20 ஆண்டு உறுதியோடு விரித்தது. காற்று மிகுந்த வட பகுதி மின்நிறுவனங்கள்மீது குவிந்திருந்த செலவுச் சுமையையும் அது நாடெங்கும் பங்கிட்டது.

மாநிலம் தடையாக நின்றமைக்கு பவேரியா சான்று. காற்றாலையின் உயரத்தைப் போல் 10 மடங்கு தொலைவுக்குள் குடியிருப்பு இருத்தலாகாது என்னும் விதியை அது 2014இல் இயற்றியது. 200 மீட்டர் உயர ஆலைக்கு இது 2 கிலோமீட்டராகும். காற்றாலை வளர்ச்சி அங்கு ஏறத்தாழ நின்றுபோயிற்று. இதன் எதிர்விளைவாக, நாட்டு நிலப்பரப்பில் 2 விழுக்காட்டை 2032க்குள் காற்றாலைக்கு ஒதுக்கும் கடமையை 2022ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் மாநிலங்கள்மீது சுமத்தியது.

தமிழ்நாட்டில் 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் முன்மாதிரிக் காற்றாலைகள் எழுந்தன. 1990களில் ஆரல்வாய்மொழிக் கணவாயும் முப்பந்தலும் காற்றாலைகளால் நிறைந்தன. நடுவண் அரசு விரைவுத் தேய்மான வரிச்சலுகை அளித்தது. ஆலை உரிமையாளரின் மின்சாரத்தைத் தன் கம்பிகளில் கொண்டு செல்லவும், உபரியைக் கணக்கில் வைத்துப் பின்னர் எடுத்துக்கொள்ளவும் மாநில மின்வாரியம் இசைந்தது. மாநிலம் முன்னோடியாயிற்று. எனினும், இவ்விரு சலுகைகளும் வரி செலுத்தும் அளவுக்கு இலாபமும், மின்சாரம் தேவைப்படும் ஆலையும் உடையோருக்கே பெரிதும் பயன்பட்டன.

வட பிரீசுலாந்தின் உழவர்களும் ஊர்மக்களும் பங்கு சேர்த்துக் குடிமக்கள் காற்றாலைகளை நிறுவ முடிந்தது, உறுதியான விலை எவர்க்கும் உரியதாக இருந்தமையால். முப்பந்தல் ஊரார்க்கு அவ்வாயில் திறக்கவில்லை. காற்று இரு நிலங்களிலும் வீசியது. சட்டத்தின் வடிவமே உரிமையாளரைத் தீர்மானித்தது. பழைய காற்றாலைகளை மாற்றிப் புதியன நிறுவும் கொள்கையைத் தமிழ்நாடு 2024இல் வெளியிட்டுள்ள இவ்வேளையில், எத்தனை மெகாவாட் என்னும் வினாவோடு எவருக்கு உரியது என்னும் வினாவும் எழுப்பப்படல் வேண்டும்.