திரைக்குப் பின்னால் வளரும் கருந்துளைகள்



மேலே பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசல், அடியில் ஈரத்தைப் பொதிந்து வைத்திருக்கும் என்பதைக் கோவில்பட்டி வட்டாரச் சம்சாரிகள் அறிவார்கள். கண்ணுக்குத் தெரியாததை இல்லையென்று தள்ளிவிடலாகாது என்பதற்கு வானியல் வரலாறும் சான்று பகர்கின்றது.

1930ஆம் ஆண்டு, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற 19 வயது இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்பயணத்தில் அவர் தொடங்கிய கணக்கு, பின்னர் ஒரு வரம்பைக் காட்டியது. எரிந்து முடிந்த விண்மீனின் எஞ்சிய பகுதி சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறை கொண்டிருந்தால், அது வெண்குறுமீனாக நிலைக்க இயலாது, மேலும் சுருங்கும். கருந்துளை என்னும் முடிவுக்கு வழிகாட்டிய கணக்கு இது.

1935 ஜனவரி 11 அன்று லண்டனில் வானியலாளர் அவையில் இதனை எடுத்துரைத்தார். புகழ்பெற்ற அறிஞர் ஆர்தர் எடிங்டன் எழுந்து, இயற்கை இத்தகைய விபரீதத்துக்கு இடந்தராது என்று மறுத்தார். அவையில் சிரிப்பு எழுந்தது. சந்திரசேகரோ கணக்கையும் கைவிடவில்லை, பகையும் பாராட்டவில்லை. 1982இல் எடிங்டனின் நூற்றாண்டையொட்டிக் கேம்பிரிட்ஜில் உரையாற்றியபோது, அவரைத் தம் காலத்தின் தலைசிறந்த வானியற்பியலாளர் என்றே போற்றினார். கருத்து வேறுபாட்டில் பேண வேண்டிய அதபுக்கு இது அழகிய முன்மாதிரி. மறு ஆண்டே, 1983இல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கருந்துளை ஒளியை வெளிவிடாது. ஆயினும் அதை நோக்கிச் சுழன்று விழும் வாயு கடுமையாகச் சூடேறி எக்ஸ் கதிர்களை வீசுகின்றது. விண்மீன் மண்டலங்களின் நடுவே, சூரியனைப் போல் பல லட்சம் மடங்குக்கு மேல் நிறை கொண்ட கருந்துளைகள் இவ்வாறே வளர்கின்றன. அவற்றுள் பலவற்றைத் தூசியும் வாயுவும் திரையிட்டு மறைக்கின்றன. சாதாரண ஒளி அத்திரையில் நின்றுவிடும். ஆற்றல் மிக்க எக்ஸ் கதிர்களோ அதனை ஊடுருவி வெளிவரும். ஆனால் நமது காற்றுமண்டலம் அவற்றைத் தடுத்துவிடுவதால் விண்வெளிக்குச் சென்றே பார்க்க வேண்டும்.

1962இல் ரிக்கார்டோ ஜியாக்கோனி குழுவினர் ஏவிய ராக்கெட், வானெங்கும் மங்கிய எக்ஸ் கதிர் ஒளி பரவியிருப்பதைக் கண்டது. அதன் மூலம் நெடுநாள் புதிராக இருந்தது. 1999 ஜூலையில் ஏவப்பட்ட தொலைநோக்கி, வானின் ஒரு சிறு பகுதியை மொத்தம் 70 லட்சம் விநாடிகள் உற்றுநோக்கிற்று. அந்த மங்கிய ஒளி தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிந்தது. பெரும்பாலானவை வளர்ந்துவரும் கருந்துளைகள்! அத்தொலைநோக்கியின் பெயர் ‘சந்திரா’. 1995இல் மறைந்த சந்திரசேகரின் நினைவாகச் சூட்டப்பட்டது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற நம் நாட்டின் அஸ்ட்ரோசாட்டும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு கருந்துளைகளை ஆராய்ந்து வருகின்றது.

பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே! வானம், பூமியின் படைப்பைச் சிந்திக்குமாறு திருக்குர்ஆன் நம்மை மீண்டும் மீண்டும் அழைக்கின்றது. ஆகவே, பிள்ளையின் கேள்வி புதுமையானது என்பதற்காக நகைத்து அடக்கிவிடாதீர்கள். ஆதாரத்தைக் கேளுங்கள், பொறுமையுடன் செவிமடுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் பயனுள்ள கல்வியை வழங்குவானாக! ஆமீன்.