நரம்பும் சுரப்பியும்: ஒரு நெடிய ஐயத்தின் வரலாறு

கன்று முட்டியதும் பசுவின் மடி சுரப்பதைத் தாய்மையின் கனிவு என்றே நாம் பேசிவந்திருக்கிறோம். அக்கனிவுக்குப் பின்னால், மூளையின் அடித்தளத்தில் ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதியின் நரம்பணுக்கள் எழுப்பும் மின்துடிப்புகள் உள்ளன. நரம்பணுவே ஹார்மோன் சுரக்கும் என்பதை அறிவியல் உலகம் எளிதில் ஒப்புக்கொண்டுவிடவில்லை.

நரம்பு செய்தி கடத்துவது. சுரப்பி குருதியில் ஹார்மோனைக் கலப்பது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்விரண்டுக்கும் இடையே திடமான எல்லைக்கோடு இருந்தது. 1928இல் ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் ஷாரர், சிறு நன்னீர் மீன் ஒன்றின் ஹைப்போதலாமஸில் சுரப்பணுக்களை ஒத்த நரம்பணுக்களைக் கண்டு அக்கோட்டைத் தாண்டினார். அவர் கண்டவை நோயின் அடையாளம், இறப்புக்குப் பிந்தைய சிதைவு, திசுவைப் பதப்படுத்தியதில் நேர்ந்த பிழை என்று பலரும் ஒதுக்கினர். அவருடைய மனைவி பெர்டா ஷாரர் முதுகெலும்பற்ற உயிர்களில் அதே சான்றைத் தேடினார். நாஜி ஆட்சியை வெறுத்து இருவரும் 1937இல் அமெரிக்கா சென்றனர். அங்கே பெர்டாவுக்குப் பல ஆண்டுகள் ஊதியமுள்ள பதவி வாய்க்கவில்லை. கரப்பான்பூச்சிகளைக் கொண்டு ஆய்வைத் தொடர்ந்தார்.

மின்துடிப்பின் வரலாறு வேறொரு திசையில் வளர்ந்தது. 1952இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும், கணவாயின் நரம்பிழையில் சோடியம் உட்புகுவதாலும் பொட்டாசியம் வெளியேறுவதாலும் துடிப்பு உருவாவதை விளக்கினர். மறு ஆண்டே ஃபாட், காட்ஸ் இருவரும் நண்டின் தசையில் சோடியம் இன்றியும் துடிப்பு எழுவதைக் கண்டனர். அங்கே மின்னோட்டத்தைச் சுமப்பது கால்சியம் எனப் பின்னர் தெளிவாயிற்று.

இரு வரலாறுகளும் 1964இல் நெருங்கின. பொன்மீனின் சுரக்கும் நரம்பணுக்கள் ஏனைய நரம்பணுக்களைப் போலவே மின்துடிப்பு எழுப்புவதை எரிக் காண்டெல் பதிவுசெய்தார். பிட்யூட்டரியின் பின்மடலிலிருந்து வாசோபிரசின் வெளிப்படக் கால்சியம் தேவை என டக்ளஸும் பாய்ஸ்னரும் காட்டினர்.

1973இல் வேக்கர்லி, லிங்கன் ஆகியோர் பாலூட்டும் எலிகளில் செய்த ஆய்வு நம்மை வியக்கவைப்பது. குட்டிகள் இடைவிடாது சப்பினாலும் பால் விட்டுவிட்டே இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் அதற்குச் சில நொடிகள் முன்பு, நரம்பணுக்களின் துடிப்பு வேகம் 20 முதல் 40 மடங்கு உயர்கிறது. அந்தக் குறுகிய பெருவெடிப்பே ஆக்சிடோசினைக் குருதியில் செலுத்துகிறது.

வாசோபிரசின் அணுக்களின் போக்கு வேறு: பல நொடிகள் தொடர்ந்து துடிக்கின்றன, பின் மௌனமாகின்றன. 1980களில் மூளைத் துண்டங்களை உயிருடன் வைத்து உட்புறப் பதிவுகள் எடுத்தபோது அதன் காரணம் புலப்பட்டது. ஒவ்வொரு துடிப்பின்போதும் கால்சியம் உட்புகுகிறது. அதன் எச்சம் அணுவை அடுத்த துடிப்புக்கு அருகே நிறுத்துகிறது. அதே கால்சியம் பொட்டாசியத்தின் வழிகளைத் திறந்து வேகத்தைக் கட்டுப்படுத்தவும் செய்கிறது. நரம்பிழையின் முனையிலோ, ஹார்மோன் பைகளைத் திறந்துவிடுவதும் அதுதான்.

தூண்டுவது, அடக்குவது, சுரக்கச்செய்வது மூன்றும் ஒரே அயனியின் வேலை என்றால், நரம்பையும் சுரப்பியையும் பிரித்த கோடு எங்கே இருக்கிறது? அது இயற்கை வரைந்ததன்று. நம் வசதிக்காக நாம் வரைந்தது. ஷாரர் இணையர் அக்கோட்டை மதிக்க மறுத்ததற்குக் கொடுத்த விலை, நீண்ட காலப் புறக்கணிப்பு. அவர்கள் நுண்ணோக்கியில் கண்டது பிழையன்று என்பதற்கு, மின்முனைகள் பதிந்த கோடுகள் இன்று சாட்சியாக நிற்கின்றன.