சோளப்பொரியும் ஒரு பானை விதையும்



சென்ற மாதம் பேரனைத் திருச்சிக்கு சினிமா பார்க்க அழைத்துப் போயிருந்தேன். இடைவேளையில் பாப்கார்ன் கேட்டான். ஒரு அட்டை வாளி நிறைய வாங்கிக் கொடுத்தேன். கொறித்துக்கொண்டே, "தாத்தா, நீங்க சின்னப் பையனா இருந்தப்ப இது உண்டா?" என்றான். "உண்டு" என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். நாங்கள் தின்ற சோளப்பொரி வேறு, அந்த வாளியில் இருந்தது வேறு. இரண்டுக்கும் இடையில் ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் நான் செய்த ஒரு தவறும் இருக்கிறது. இரண்டையும் இன்று எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பெரம்பலூர்ப் பக்கம். இன்று தனி மாவட்டம், அன்று திருச்சி ஜில்லா. கரிசல் மண், மானாவாரி விவசாயம். சோளம், கம்பு, வரகு, பருத்தி, மல்லி. சோளத்தில் சோற்றுக்கு ஒரு வகை, மாட்டுத் தீவனத்துக்கு ஒரு வகை, பொரிக்கு ஒரு வகை என்று வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் பொரிக்கென்று விதைத்தது தலைவிரிச்சான் சோளம். பெயருக்கேற்றபடி கதிர் இறுகாமல் விரிந்து தொங்கும்.

அம்மா பொரி பொரிப்பது ஒரு சடங்கு மாதிரி இருக்கும். முதல் நாள் இரவே சோளத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறி மூடி வைப்பார். மறுநாள் வாய் அகன்ற மண்சட்டியில் சலித்த ஆற்று மணலைப் போட்டு, பருத்தி மிளாறு எரித்துச் சூடேற்றுவார். மணல் காய்ந்ததும் ஒரு கைப்பிடி சோளம். தென்னை ஈர்க்குக் கட்டால் நாலு கிளறு. படபடவென்று முத்து முத்தாகப் பூக்கும். உடனே சல்லடையில் கொட்டி மணலைச் சலித்துவிட்டு அடுத்த கைப்பிடி. கார்த்திகை தீபத்தன்று மட்டும் வெல்லம் காய்ச்சி, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, தேங்காய்ப் பல்லும் பொட்டுக்கடலையும் சேர்த்து உருண்டை பிடிப்பார். மற்ற வீடுகளில் நெல்பொரி உருண்டை, எங்கள் வீட்டில் சோளப்பொரி உருண்டை.

பொரி நமக்கு நேற்று வந்த பண்டமல்ல. புன்க மரத்தின் பூ உதிர்ந்து கிடப்பதைப் பொரிக்கு ஒப்பிட்டவர்கள் சங்கப் புலவர்கள். ஆண்டாள் கனவில் கண்ட திருமணத்திலும் பொரியிடும் சடங்கு வருகிறது. ஆயுத பூஜைக்குப் பொரிகடலை இல்லாத பட்டறை உண்டா?

பேரன் தின்ற பொரிக்குப் பூர்வீகம் வேறு. மக்காச்சோளம் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பு தெற்கு மெக்சிகோவில் ஒரு காட்டுப் புல்லிலிருந்து மனிதன் உருவாக்கிய பயிர். பெரு நாட்டுக் கடற்கரையில் கிடைத்த 6,700 ஆண்டுப் பழமையான கதிர்களை ஆராய்ந்தவர்கள், அந்த மக்கள் பொரியும் தின்றிருக்கிறார்கள் என்று 2012-ல் எழுதினார்கள். மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் பொரியை மாலையாகக் கட்டி, ஆடும் பெண்களின் தலையில் சூட்டினார்கள். ஸ்பானியப் பாதிரியார் சாகுன் 16-ஆம் நூற்றாண்டில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

கொலம்பஸ் 1492-ல் அமெரிக்கத் தீவுகளில் கால் வைத்த பிறகுதான் இந்தப் பயிர் கடல் தாண்டியது. நம் நாட்டுக்குப் போர்ச்சுக்கீசியர் மூலமாக வந்தது என்பது பொதுவான கருத்து. நம்மவர்கள் அதை ஏற்கெனவே தெரிந்த சோளத்தின் உறவாகப் பார்த்து, முன்னால் ஒரு 'மக்கா'வைச் சேர்த்து மக்காச்சோளம் ஆக்கிவிட்டார்கள். கடல் கடந்து வந்த சரக்குக்கெல்லாம் இப்படி ஒரு ஊர்ப் பெயரைச் சூட்டுவது வழக்கம்தானே.

அதைப் பெரிய வியாபாரம் ஆக்கியவர்கள் அமெரிக்கர்கள். சார்லஸ் கிரெட்டர்ஸ் என்பவர் நீராவியில் இயங்கும் பொரி வண்டியை 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் கொண்டுவந்து நிறுத்தினார். அதே சிகாகோவில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய ரூக்ஹைம் சகோதரர்கள் பொரியையும் வேர்க்கடலையையும் கரும்புப் பாகில் புரட்டி விற்றார்கள். 1896-ல் அதற்குக் 'கிராக்கர் ஜாக்' என்று பெயர் வைத்தார்கள். நம் கார்த்திகைப் பொரியின் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். 1930-களின் பொருளாதார மந்தத்தில் சில காசுக்குக் கிடைத்த தீனி என்பதால் பொரி சினிமாக் கொட்டகைக்குள் நுழைந்தது. இரண்டாம் உலகப் போரில் சர்க்கரைக்கு ரேஷன் வந்து மிட்டாய்கள் குறைந்தபோது பொரிக்கு இன்னும் கிராக்கி. அன்று நுழைந்தது இன்றுவரை கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை.

இனி என் கதை.

1961-ல் 'கங்கா', 'டெக்கான்' என்று முதல் வீரிய ஒட்டு மக்காச்சோள ரகங்கள் இந்தியாவில் வெளிவந்தன. பிறகு நாமக்கல்லில் கோழிப்பண்ணைகள் பெருகின. கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் வேண்டும். எங்கள் கரிசல் காடுகள் ஒவ்வொன்றாக மாறின. மாநிலத்தில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் ஒன்றாகப் பெரம்பலூர் ஆனது.

2004-ல் அப்பா காலமான பிறகு காட்டுக் கணக்கு என் கைக்கு வந்தது. அலுவலக வேலையில் இருந்த எனக்குக் கூட்டல் கழித்தல் மட்டும்தான் தெரியும். சோளம் போட்டால் குருவி தின்றது போக மிஞ்சுவது கொஞ்சம், வாங்க ஆளும் இல்லை. மக்காச்சோளத்துக்கு வியாபாரி களத்துக்கே லாரி கொண்டுவந்தார். மொத்தக் காட்டையும் மாற்றச் சொன்னேன். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஓரமா ரெண்டு சால் பொரிச்சோளம் வுட்டுரு தம்பி. விதை அத்துப்போயிரும்." ரெண்டு சாலுக்கு யாரம்மா தனியாக மெனக்கெடுவார்கள் என்றேன். அவர் பேசவில்லை.

பரணில் வேப்பிலையும் சாம்பலும் போட்டு மூடிய ஒரு பானை விதை இருந்தது. இரண்டு வருடம் விதைக்காமல் கிடந்து வண்டு விழுந்துவிட்டது. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது நான்தான் அதை எடுத்துக் கோழிகளுக்குக் கொட்டினேன். அம்மா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

2008 கார்த்திகையில் அம்மா படுக்கையில் இருந்தார். சோறு இறங்கவில்லை. "ஒரு வாய் சோளப்பொரி இருந்தாத் தேவலை" என்றார். சுற்றுப்பட்ட நாலு ஊரில் விசாரித்தேன். தீவனச் சோளம் கிடைத்தது, பொரிச்சோளம் கிடைக்கவில்லை. எங்கள் களத்தில் மூட்டை மூட்டையாக மக்காச்சோளம் கிடந்தது. அதில் ஒரு படி எடுத்துச் சட்டியில் போட்டேன். கருகியது, வெடித்துப் பிளந்தது. ஒன்றுகூடப் பூக்கவில்லை.

காரணம் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பொரிகிற மக்காச்சோளம் தனி வகை. மணிக்குள் சுமார் 14 சதவீதம் ஈரம் இருக்கும், தோல் கெட்டியாக இருக்கும். சூடு 180 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது உள்ளே நீராவி வெளிக்காற்றைப்போல ஒன்பது மடங்கு அழுத்தத்தில் திமிறும். தோல் கிழிந்ததும் இளகிய மாவு நுரைத்து அப்படியே உறைந்துவிடும். அதுதான் பொரி. தீவன மக்காச்சோளத்தின் தோல் அந்த அழுத்தத்தைத் தாங்காது, ஆவி முன்பே கசிந்துவிடும். அம்மா முதல் நாள் தண்ணீர் தெளித்ததன் அர்த்தமும் அன்றுதான் புரிந்தது.

கடைசியில் பெரம்பலூர் மளிகைக் கடையில் பாப்கார்ன் மணி ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். அம்மாவே படுத்தபடி பக்குவம் சொன்னார். இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

அடி கனமான பாத்திரத்தில் மூன்று தேக்கரண்டி எண்ணெய் விட்டு, மூன்று மணி மட்டும் போட்டு மூடுங்கள். மூன்றும் வெடித்ததும் அரைக் கப் மணியைப் போட்டு, அடுப்பை அணைத்து அரை நிமிடம் விடுங்கள். எல்லா மணியும் ஒரே சூட்டுக்கு வரும். மறுபடி பற்றவைத்து, ஆவி போக மூடியைச் சற்றே ஒதுக்கி வைத்துக் குலுக்குங்கள். வெடிச் சத்தம் இரண்டு மூன்று நொடிக்கு ஒன்றாகக் குறைந்ததும் இறக்கி, பொரியாத மணிகளைப் பொறுக்கிவிடுங்கள். நம் வயதில் பல் முக்கியம். 150 கிராம் வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக் காய்ச்சுங்கள். ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டி, தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்க வேண்டும். அரைத் தேக்கரண்டி சுக்குப்பொடி, நாலு ஏலக்காய், ஒரு சிட்டிகை மிளகுப்பொடி சேர்த்துப் பொரியில் ஊற்றிக் கரண்டியால் புரட்டுங்கள். பாகு கையைச் சுட்டுவிடும், பேரப் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

அம்மா இரண்டு பொரியை வாயில் போட்டு வெகுநேரம் வைத்திருந்தார். "பாகு சரியா வந்துருக்கு" என்றார். கொஞ்சம் கழித்து, "சோளந்தான் நம்முளுது இல்ல" என்றார். அடுத்த தையில் காலமானார்.

சரித்திரப்படி பார்த்தால் அம்மாவின் சோளமும் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். வந்த பயிர் நம்முடையது ஆவது, யாராவது வருடம் தவறாமல் விதைத்து, பொறுக்கி, பானையில் போட்டு மூடி வைப்பதால். எங்கள் வீட்டில் அந்தக் கை அம்மாவுடையது. கணக்குப் போட்டு அதை நிறுத்தியது என் கை.

இந்தக் கார்த்திகைக்குப் பேரனுக்கு வெல்லப் பாப்கார்ன் செய்து கொடுக்கப் போகிறேன். எங்கள் பக்கம் உங்களில் யார் வீட்டிலாவது தலைவிரிச்சான் சோளம் இன்னும் விளைந்தால் சொல்லுங்கள். ஒரு படி போதும். காட்டோரம் ரெண்டு சால் உழுது வைத்திருக்கிறேன்.