கணைய அழற்சி: வார்டில் ஏறும் சர்க்கரை எதைச் சொல்கிறது?

மேல் வயிற்றில் கிளம்பி முதுகு வரை ஊடுருவும் வலி, நிற்காத வாந்தி என்று ஒருவர் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வருகிறார். இரத்தப் பரிசோதனைக்குப் பிறகு 'கணைய அழற்சி' என்று சொல்லி வார்டில் சேர்க்கிறார்கள். மறுநாள் அவருக்கு இன்சுலின் கொடுக்கப்படுகிறது. 'இவருக்குத்தான் இனிப்பு நீரே கிடையாதே, எதற்கு இன்சுலின்?' என்று குடும்பத்தார் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கான பதில் கணையம் என்ற ஒரே உறுப்புக்குள் அடங்கியிருக்கிறது.

நம் சமூகத்திற்கு இது தொலைவான விவகாரம் அல்ல. சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு; இனவாரியாகப் பார்த்தால் அதுவே மிக உயர்ந்த அளவு. கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ கணைய அழற்சியோடு மருத்துவமனைக்குப் போகும் தமிழர்களில் பலர் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்களாகவும், வேறு சிலர் இனிப்பு நீர் இருப்பதே தெரியாதவர்களாகவும் இருக்க இதுவே காரணம்.

ஓர் உறுப்பு, இரண்டு வேலை

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளத்தில் படுத்திருக்கும் சுரப்பி. அதன் பெரும்பகுதி உணவைச் செரிக்கும் நொதிகளைச் சுரக்கிறது. இடையிடையே திட்டுத் திட்டாக இருக்கும் உயிரணுக் கூட்டங்கள் இன்சுலினையும் குளுக்கோகானையும் இரத்தத்தில் கலக்கின்றன. 1869இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் முதன்முதலில் விவரித்த அந்தத் திட்டுகள் இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகின்றன.

செரிமான நொதிகள் குடலுக்குப் போன பிறகுதான் வேலை செய்ய வேண்டும். அவை கணையத்துக்குள்ளேயே செயல்படத் தொடங்கினால் கணையம் தன்னையே அரிக்கத் தொடங்குகிறது. இதுவே திடீர் கணைய அழற்சி. பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் தணிந்துவிடும். சிலருக்குக் கணையத் திசு அழுகி, சிறுநீரகமும் நுரையீரலும் பாதிக்கப்பட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவு வரை கொண்டுபோய்விடும்.

உலகெங்கும் இரண்டு காரணங்கள் முன்னிற்கின்றன: பித்தப்பைக் கல், மது. மூன்றாவதாக வருவது இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு அளவுக்கு மீறி உயர்வது. 1.7 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டிய அது 11.3ஐத் தாண்டினால் கணையத்துக்கு ஆபத்து. எடுத்த இரத்தமே பால் கலந்ததுபோல் தெரியலாம். இங்குதான் ஒரு சுழல் இருக்கிறது. கட்டுப்பாட்டில் இல்லாத இனிப்பு நீர் டிரைகிளிசரைடை ஏற்றுகிறது. அது கணையத்தைத் தாக்குகிறது. தாக்கப்பட்ட கணையம் சர்க்கரையை இன்னும் ஏற்றுகிறது.

மதுவைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டப்புறங்களில் மலிவு சம்சு செய்த சேதத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆனால் மருத்துவமனையில் குடிப்பழக்கத்தை மறைப்பது வேறு வகை ஆபத்து. தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது நடுக்கம், மனக்குழப்பம், வலிப்பு வரலாம். முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவர் அதற்கும் மருந்து கொடுத்துவிடுவார். 'அவர் குடிக்கவே மாட்டார், டாக்டர்' என்று மானத்துக்காகச் சொல்லும் பொய் நோயாளியைத்தான் பாதிக்கும்.

'கேஸ்ட்ரிக்' என்று நினைத்து...

இந்த நோயில் நேரம் வீணாவது பெரும்பாலும் வீட்டில்தான். வயிற்று வலி என்றால் கேஸ்ட்ரிக் என்று முடிவுகட்டி, கடையில் மருந்து வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறோம். முதுகுக்குப் பரவும் கடும் வலி, முன்பக்கம் குனிந்து உட்கார்ந்தால் சற்றுக் குறையும் வலி, கூடவே வாந்தி என்றால் காத்திருக்கக் கூடாது. அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். குறிப்பிட்ட அந்த வலி, லிபேஸ் அல்லது அமிலேஸ் நொதி இயல்பின் மேல் எல்லையைப் போல் மும்மடங்கு உயர்ந்திருப்பது, ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் நோய் உறுதியாகிறது.

ஒரு சிக்கல் உண்டு. இனிப்பு நீர் முற்றி இரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் நிலையிலும் வயிறு வலிக்கும், வாந்தி வரும், அந்த நொதிகளும் ஓரளவு உயரும். இரண்டும் ஒன்றாகவே வருவதும் உண்டு. ஆகவே சர்க்கரை அதிகமாக இருக்கும் நோயாளிக்கு மருத்துவர் இரண்டையும் சோதித்துப் பார்ப்பது வீண் செலவு அல்ல.

சர்க்கரை ஏன் ஏறுகிறது

வீங்கிய கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்கள் சரியாக வேலை செய்வதில்லை. உடல் நெருக்கடியில் இருப்பதால் கார்டிசோல், அட்ரினலின் போன்றவை கூடி, கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே தள்ளுகின்றன. அழற்சியினால் தசைகளும் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. இவையெல்லாம் சேர்ந்து, இதுவரை இனிப்பு நீரே இல்லாதவருக்கும் சர்க்கரையை ஏற்றிவிடும். நோய் தணிந்ததும் பலருக்கு அது தானே இறங்கி, இன்சுலினும் நிறுத்தப்படும். 'ஊசி ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்க' என்ற பயம் இங்கே பொருந்தாது.

பழைய இனிப்பு நீரா, இப்போது வந்த ஏற்றமா என்று பிரித்தறிய எச்பிஏ1சி பரிசோதனை உதவுகிறது. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியை அது காட்டும்.

சேர்க்கப்பட்ட நாளில் எடுக்கும் சர்க்கரை அளவு நோயின் கடுமையைக் கணிக்கவும் பயன்பட்டு வந்திருக்கிறது. நியூயார்க்கின் அறுவை மருத்துவர் ஜான் ரான்சன் 1974இல் வகுத்த 11 அளவுகோல்களில் ஒன்று, சர்க்கரை 11.1 மில்லிமோலைத் தாண்டுவது. கிளாஸ்கோ அளவுகோல் 10ஐ எல்லையாக வைக்கிறது. வயது, வெள்ளை அணுக்கள், கால்சியம் போன்றவற்றோடு சேர்த்துத்தான் இதைப் பார்க்க வேண்டும். ஒரு முறை 14 வந்துவிட்டது என்பதற்காக ஆள் பிழைக்கமாட்டார் என்று பொருளில்லை.

இடையில் ஒரு குறிப்பு: தமிழ்நாட்டு மருத்துவக் காணொளிகளில் சர்க்கரை 200, 300 என்று மில்லிகிராம் கணக்கில் வரும். நம் நாட்டில் மில்லிமோல். இங்குள்ள எண்ணை 18ஆல் பெருக்கினால் அந்தக் கணக்கு கிடைக்கும். இதைக் குழப்பிக்கொண்டு பயந்தவர்களும் உண்டு, அலட்சியமாக இருந்தவர்களும் உண்டு.

ஏன் முழுவதுமாக இறக்குவதில்லை

சார்ட்டில் 9 என்று பார்த்துவிட்டு, 'இன்னும் குறைக்கவில்லையே' என்று தாதியிடம் சண்டைக்குப் போக வேண்டாம். தீவிர சிகிச்சை நோயாளிகளுக்குச் சர்க்கரையை இறுக்கிப் பிடிப்பது நல்லது என்றுதான் ஒரு காலத்தில் கருதினார்கள். 2009இல் வெளியான நைஸ்-சுகர் ஆய்வு அதை மாற்றியது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்ட அந்த ஆய்வில், 4.5 முதல் 6.0 வரை இறுக்கிப் பிடிக்கப்பட்டவர்களில் 27.5 விழுக்காட்டினர் 90 நாளுக்குள் இறந்தனர். 10 வரை விடப்பட்டவர்களில் அது 24.9 விழுக்காடு. சர்க்கரை அளவு மீறித் தாழ்வதும் இறுக்கிப் பிடித்தவர்களிடமே அதிகம். அதனால் இப்போது கடும் நோயாளிகளுக்குப் பொதுவான இலக்கு 7.8 முதல் 10.0 வரை.

சாப்பாட்டிலும் பழைய எண்ணம் மாறியிருக்கிறது. நாள் கணக்கில் பட்டினி போடுவது முன்பு வழக்கம். இப்போது தாங்க முடிந்தால் முதல் நாளிலேயே மெல்லச் சாப்பிடத் தொடங்கச் சொல்கிறார்கள். டிரிப் விஷயத்திலும் அப்படித்தான். இந்தியா உட்பட நான்கு நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு 2022இல் வெளியானது. அதில் நீரை வேகமாக ஏற்றப்பட்டவர்களில் 20.5 விழுக்காட்டினருக்கு உடலில் நீர் மிகுந்துவிட்டது. மிதமாக ஏற்றப்பட்டவர்களில் 6.3 விழுக்காட்டினருக்கே அப்படி ஆனது.

பார்க்க வருபவர்கள் கொண்டுவரும் மைலோ, பழச்சாறு, பிரிக்பீல்ட்ஸ் கடை இனிப்பு ஆகியவற்றைத் தாதியிடம் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. வீட்டு மாத்திரைகளும் அப்படியே. மெட்ஃபோர்மின், சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகள் போன்றவற்றை இந்த நேரத்தில் மருத்துவர் நிறுத்தி வைப்பார். வீட்டிலிருந்து எடுத்துவந்து இரகசியமாகப் போடுவது ஆபத்து.

வீடு திரும்பிய பிறகு

பித்தக் கல் காரணமென்றால், பித்தப்பையை அதே முறை மருத்துவமனையில் இருக்கும்போதே எடுப்பது நல்லது. 2015இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், தள்ளிப்போட்டவர்களில் 17 விழுக்காட்டினர் பித்தக் கல் தொல்லையால் மீண்டும் சேர்க்கப்பட்டனர் அல்லது இறந்தனர். உடனே எடுத்தவர்களில் 5 விழுக்காடு. தீபாவளி முடியட்டும், தைப்பூசம் முடியட்டும் என்று நாள் பார்ப்பவர்கள் இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பலரும் கவனிக்காமல் விடுவது இன்னொன்று. நியூசிலாந்தின் ஆக்லாந்து ஆய்வாளர்கள் 2014இல் 24 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். திடீர் கணைய அழற்சி வந்தவர்களில் 15 விழுக்காட்டினருக்கு 12 மாதத்துக்குள் புதிதாக நீரிழிவு வந்திருந்தது. ஐந்தாண்டில் அந்த ஆபத்து 2.7 மடங்காக உயர்ந்தது. லேசாக வந்துபோனவர்களுக்கும் விலக்கு இல்லை.

இது வழக்கமான இனிப்பு நீரிலிருந்து சற்று மாறுபட்டது. இன்சுலினோடு, தாழ்ந்த சர்க்கரையை ஏற்றிவிடும் குளுக்கோகானும் குறைந்துபோகலாம். அதனால் ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை வேகமாக விழும். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தால் செரிமான நொதியும் குறைந்திருக்கிறது என்று பொருள். அதற்கான கேப்சூல்களை உணவோடு சேர்த்து விழுங்க வேண்டும். அவை பன்றிக் கணையத்திலிருந்து தயாராகின்றன. சைவ உணவுக்காரர்கள் மருத்துவரிடம் பேசி முடிவெடுக்கலாம்.

அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டி, கணைய அழற்சிக்குப் பின் 3 முதல் 6 மாதத்துக்குள் ஒரு முறையும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் நீரிழிவுப் பரிசோதனை செய்யச் சொல்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளிதான். மருத்துவமனை கொடுக்கும் கடிதத்தில் நோயின் பெயர் இருக்கும். அந்தத் தாளைத் தூக்கி எறியாமல், கிளினிக்கில் பதியும்போது காட்டி, சர்க்கரை பார்க்கக் கேட்க வேண்டும்.