ஆகாயத்தாமரையும் யானைக்கால் நோயும்

நோய்களின் வரலாறு பெரும்பாலும் மருத்துவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இலங்கையில் யானைக்கால் நோய் ஒடுங்கிய வரலாற்றை நோக்குமிடத்து, அதில் ஒரு நீர்ச்செடிக்கும் இடமுண்டென்பது புலனாகும்.

இந்நோய்க்குக் காரணமான புழுக்கள் இந்நாட்டில் இருவகையாகக் காணப்பட்டன. தென்மேற்குக் கரையோரத்தில் பரவிய உச்செரேரியா வகை, தென்னைமட்டை ஊறும் குழிகளிலும் அழுக்குநீரிலும் பெருகும் கியூலெக்சு நுளம்பினால் காவப்பட்டது. கிழக்கு மாகாணம் உள்ளிட்ட கிராமப்புறங்களில் நிலவிய புரூகியா வகையைக் காவியது மன்சோனியா நுளம்பாகும். இதன் குடம்பி நீர்மட்டத்துக்கு வந்து மூச்சுவிடுவதில்லை. ஆகாயத்தாமரை முதலிய செடிகளின் வேரைத் துளைத்து, அங்குள்ள காற்றைப் பெறுகின்றது. எனவே நீரின்மேல் எண்ணெய் தெளித்துப் பயனில்லை. செடியையே அகற்றல் வேண்டும். வாழைச்சேனைக் களப்பின் உவர்நீர் இச்செடிக்கு ஒவ்வாது. ஆயின் இத்தகைய களப்புகளை அடுத்த நன்னீர்க் குளங்களும் தேக்கங்களும் அதற்கு உகந்தவை.

1947இல் யானைக்கால் நோய்த் தடுப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. செடியகற்றலும் மருந்தும் சேர்ந்து இயங்க, 1960களின் இறுதியளவில் புரூகியா வகை மறைந்ததெனக் கருதப்பட்டது. கரையோர வகைக்கெதிராக 2002 முதல் 2006 வரை எட்டு மாவட்டங்களில் ஆண்டுதோறும் மருந்து வழங்கப்பட்டது. 2016இல், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் இந்நோயை இலங்கை ஒழித்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. எனினும், மறைந்ததெனக் கருதப்பட்ட புரூகியா நான்கு தசாப்தங்களின் பின் மீண்டும் கண்டறியப்பட்டமை கவனத்திற்குரியது.

புழு ஒழிந்தமையால் வீங்கிய கால் பழைய நிலையை அடைந்துவிடுவதில்லை. சிதைந்த நிணநீர்க் குழாய்கள் எளிதில் சீர்ப்படா. தோல் வெடிப்புகளினூடே நுழையும் பற்றீரியாக்கள் அடிக்கடி காய்ச்சலையும் வலியையும் உண்டாக்க, வீக்கம் மேலும் பெருகும். இதனைத் தடுக்கும் முறைகள் எளியவை: நாள்தோறும் சவர்க்காரமிட்டுக் கழுவுதல், விரலிடுக்குகளை ஈரமறத் துடைத்தல், புண்ணுக்கு உடன் மருந்திடல், காலை உயர்த்தி வைத்தல், கணுக்காலை அசைத்துப் பயிற்சி செய்தல், பொருத்தமான பாதணி அணிதல். ஆனால் சேற்றுவயலில் வெறுங்காலுடன் உழைப்பவருக்கு இவ்வெளிய முறைகளும் எளிதல்ல. அயலாரின் ஏளனத்துக்கு அஞ்சிக் காலை மறைத்து வாழ்பவர் வைத்தியசாலையை நாடத் தயங்குவதும் உண்டு.

பரவலைத் தடுத்தல், பாதிக்கப்பட்டோரைப் பேணல் என்னும் இரண்டையுமே உலக சுகாதார நிறுவனத்தின் திட்டம் குறிக்கோளாகக் கொண்டுள்ளது. முன்னதன் வெற்றி ஆண்டுக் கணக்கில் பதிவாகின்றது. பின்னதோ ஒவ்வொரு வீட்டின் கிணற்றடியிலும் நாள்தோறும் நிகழவேண்டியது. அதனையும் உள்ளடக்கும்போதே இந்நோயின் வரலாறு நிறைவுபெறும் எனலாம்.